கௌரவமான பெண் சாட்சி

1981ஆம் வருடம் பங்குனி மாதத்திலிருந்து, விழுப்புரம் வண்டிமேட்டில் அம்சாவின் வீட்டுக்குள் போன ஆண்கள் யாருடைய கண்ணுக்கும் தெரியாமல் போனார்கள். வாசற்படியைத் தாண்டும்போது முதலில் கால் மறையும், பிறகு வேட்டி, கடைசியாக மூக்குக்கண்ணாடி. திரும்பி வரும்போது தெருமுனைக் குழாயடியை நெருங்கியதும் உருவம் பழையபடி கூடிவிடும். அந்த வருடம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைக்கு நல்ல விலை கிடைத்தது. ஊர் அதைத்தான் அதிகம் பேசியது. கோர்ட்டு வாசலில் மனு எழுதும் ராயப்பன் மட்டும் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தான். 1956ஆம் வருடத்து விபசாரத் தடுப்புச் சட்டத்தில் வீடு வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. அந்தச் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறவனுக்கு இரண்டு வருடம். சன்னலில் நின்று கூப்பிடுகிற பெண்ணுக்கு ஆறு மாதம். வந்துவிட்டுப் போகிற ஆணுக்கு ஒரு பிரிவும் கிடையாது. பிரிவு இல்லாத ஆளைச் சட்டத்தால் பார்க்க முடியாது, சட்டம் பார்க்காததை ஊர் மட்டும் எப்படிப் பார்க்கும் என்றான் ராயப்பன். விளக்கம் சரியாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அம்சாவின் கண்ணுக்கு மட்டும் அந்த ஆண்கள் தெரிந்தார்கள். கிருஷ்ணவேணிக்குப் பொறுக்காமல் போனது இந்த ஒரு விஷயம்தான்.

கிருஷ்ணவேணி கீழ்ப்பெரும்பாக்கத்தில் தன் பெயரில் இருந்த ஓட்டு வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தாள். மாதர் சங்கத்துக்குச் செயலாளர். புருஷன் தேவநாதன் ரயில்வேயில் கேபின்மேன். மாடி கேபினில் தனியாக நின்று நெம்புகோல் இழுத்து வண்டிகளுக்குப் பாதை மாற்றிவிடும் வேலை. பிள்ளை இல்லை. தேவநாதன் வீட்டில் அதிகம் பேசமாட்டான். டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு வரவேண்டியவன் விளக்கு வைத்த பிறகு வருவான், கேட்டால் ரிலீவர் வரவில்லை என்பான். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் ஒருநாள் துணி அளவு கொடுக்க வந்து, "உன் வூட்டுக்காரரு வண்டிமேட்டுப் பக்கம் நடந்து போய்க்கினு இருந்தாரு. பாத்துக்கினே இருந்தேன், குழாயடி தாண்டி அம்சா வாசப்படி ஏறனதும் ஆளு காணம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிருஷ்ணவேணி அன்று ஒரு ரவிக்கையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்தாள். ஆனால் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள். அடுத்த ஆறு வருடம் அவள் உயிர் வாழ்ந்தது அதற்காகத்தான்.

பார்ப்பதற்குச் சட்டமே அவளுக்கு ஒரு வழி வைத்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டைச் சோதனை போடும்போது கௌரவமான இரண்டு பேர் சாட்சியாகக் கூட இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பெண்ணும் அந்த வாசலை மிதிக்க ஒப்புக்கொள்ளாததால் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் மாதர் சங்கத்துக்கு வந்தார். கிருஷ்ணவேணி அவர் பேசி முடிப்பதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு விழுப்புரத்தில் கௌரவமான பெண் என்றால் போலீஸ் அகராதியில் அவள்தான். ஆண் சாட்சி கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஊரில் கௌரவமான ஆண்கள் பலர் சோதனை நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருந்தார்கள்.

முதல் சோதனையில் அவள் கண்டது இவ்வளவுதான்: வாசலில் பல அளவுகளில் செருப்புகள். உள்ளே நடுவில் அமுங்கிக் கிடந்த கட்டில் மெத்தை. மனித உயரத்தில் தானாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு பீடி. மூலையில் அடக்க முடியாத இருமல். அம்சா நடுக்கூடத்தில் தலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், மாநிறம், அப்படி ஒன்றும் அழகில்லை. அழகில்லாமல் இருந்தது கிருஷ்ணவேணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாக்கா, ஒக்காரு" என்றாள் அம்சா. "சோதனை முடிஞ்சதும் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"உன் கையால குடிக்கறதுக்கா வந்தேன்?"

"பின்ன எதுக்கு வந்தே? தேடிக்கினு வந்த ஆளு யாருன்னு சொல்லு. இருக்காரா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். எனக்குத் தெரியுமே."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். காலியாக இருந்த சுவரோரத்திலும் யாரோ சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் கேட்டது. கிருஷ்ணவேணி அந்தச் சுவரோரமாக நடந்து, கையில் அகப்பட்ட தோளையெல்லாம் கிள்ளினாள். நகம் பதியக் கிள்ளினாள். மறுநாள் ஜவுளிக்கடை முதலாளியும், முனிசிபாலிட்டி பில் கலெக்டரும், கணக்கு வாத்தியாரும் தோளில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். தேவநாதன் ஒரு வாரம் சட்டை போட்டுக்கொண்டே தூங்கினான், பனியனோடு குளித்தான். கேட்டதற்குச் சளி என்றான்.

தனியாக ஒருத்தி தன் வீட்டில் இருப்பது குற்றமில்லை என்பதால், வெங்கடாசலம் ஒவ்வொரு முறையும் அம்சா சன்னலில் நின்று ஆள் கூப்பிட்டதாகத்தான் வழக்கு எழுதினார். முதல் தடவை அபராதம். இரண்டாம் தடவை அம்சா ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து, ஆள் வைத்துச் சன்னலைச் செங்கல் போட்டு அடைத்துவிட்டாள். மூன்றாம் தடவையும் சன்னலில் நின்றதாகவே வழக்கு வந்தது. அந்தச் செங்கல்லைக் கண்ணால் பார்த்த கிருஷ்ணவேணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள், எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

இதற்கிடையில் தேவநாதன் உருவம் கூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. முதலில் குழாயடியில் கூடியது, பிறகு ரயில்வே கேட் தாண்டிய பிறகு, பிறகு சொந்த வீட்டில் கைகால் கழுவிய பிறகு. 1983 மழைக்காலத்தில் காலைக் காப்பி குடித்த பிறகுதான் முகம் வந்தது. மறு வருடம் பொங்கலுக்கு அதுவும் வரவில்லை. வேலைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. கேபினில் நெம்புகோல் சாய வேண்டும், வெளியே சிக்னல் கை விழ வேண்டும், அவ்வளவுதானே. ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. வீட்டில் தட்டில் சோறு குறைந்தது, கயிற்றுக் கட்டில் தாழ்ந்தது, அழுக்கு வேட்டி விழுந்தது, "போய்ட்டு வர்றேன்" என்று நிலைப்படியருகே குரல் கேட்டது. கிருஷ்ணவேணி பரிமாறினாள், துவைத்தாள். அவன் முகத்தை அவள் பார்த்து மாதங்கள் ஆயின. வண்டிமேட்டில் இன்னொருத்தி தினம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைக்கும்போது மட்டும் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டாள். தட்டு அப்போதும் காலியானது.

ராயப்பனிடம் கேட்டதில் அவன் இருபதாம் பிரிவைச் சொன்னான். இப்படிப்பட்ட பெண் ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் நினைத்தால், குறித்த நாளுக்குள் வெளியேறச் சொல்லலாம். அனுமதியில்லாமல் திரும்பி வந்தால் அபராதம். மாதர் சங்கத்தின் பேரில் மனு போனது. அறுபது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், அதில் பாதிப் பேருக்குப் புருஷன் முழுசாகத் தெரியவில்லை. 1985 சித்திரையில் உத்தரவு வந்தது. அவள் ஊரை விட்டுப் போய்விட்டால் ஆண்கள் தெரிய ஆரம்பித்துவிடுவார்கள் என்று அந்தப் பெண்கள் நம்பினார்கள். மற்றவர்கள் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது, பத்து நாளில் பில் கலெக்டருக்கு மூக்கு வந்துவிட்டது.

அம்சா ஊரை விட்டுப் போகும் நாளில் கிருஷ்ணவேணி ஸ்டேஷனுக்குப் போனாள். போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போனவள், மெட்ராஸ் பாசஞ்சர் ஊதியதும், தான் கேட்கப் போவது தனக்கே தெரியாமல் சன்னலோரம் போய் நின்றாள்.

"அவரு எப்டி இருக்காரு?" என்றாள்.

அம்சா சன்னல் கம்பியருகே குனிந்து, "எளைச்சிருக்காருக்கா. மீசைய எடுத்துட்டாரு. நல்லா இல்ல, நானும் சொல்லிட்டேன்" என்றாள்.

வண்டி போன பிறகும் கிருஷ்ணவேணி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மீசை எடுத்தது அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அந்த மீசையைப் பார்த்துத்தான் சரி என்றாள்.

அம்சா திண்டிவனத்தில், வேறு கோர்ட்டு எல்லையில், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீடு பிடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு கஜத்துக்குள் தொழில் செய்தால் மூன்று மாதம் என்பதால், கயிறு போட்டு அளந்து, கொஞ்சம் தள்ளியே பார்த்துக்கொண்டாள். தேவநாதன் அதே மாதம் திண்டிவனம் கேபினுக்கு மாற்றல் வாங்கினான். காலை வண்டியில் போய் இரவு வண்டியில் வந்தான். டிக்கெட் பரிசோதகர்கள் அவன் இடத்தைக் காலி என்று நினைத்து ஆளை உட்காரவைத்தார்கள். மடியில் கிடைத்த வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்தப் பயணிகள் முண்டியம்பாக்கம் வருவதற்குள் எழுந்து நின்றார்கள். வீட்டில் உருவம் வரவேயில்லை. கிருஷ்ணவேணி ஒருநாள் காலியாகத் தெரிந்த கட்டிலைப் பார்த்து, "எங்க போய்ட்டு வர்றே?" என்று நேராகவே கேட்டாள்.

"டியூட்டி" என்றது கட்டில்.

1987 குடியரசு தினத்தன்று சட்டம் மாறியது. இனிமேல் அந்த எல்லைக்குள் கூட இருக்கும் ஆணுக்கும் அதே மூன்று மாதம். இருநூறு கஜம் என்றிருந்த இடத்தில் அதைவிட நீளமான இருநூறு மீட்டர் என்று எழுதினார்கள். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த அந்த மாதிரி வீடுகளில் ஆண்கள் அன்று காலை கொடியேற்றும் நேரத்திலிருந்து தெரிய ஆரம்பித்தார்கள். தூரத்து வீடுகளில் பழையபடியே இருந்தது. திண்டிவனத்தில் ஒரு வீட்டில் பின்பக்கமாக ஓடிய ஒருவன் வேலியருகே எல்லை முடிந்ததும் பாதியாகி, இடுப்புக்குக் கீழே மட்டும் கொஞ்ச நேரம் ஓடியதைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். கஜத்துக்கும் மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தில் அம்சாவின் வீடு எல்லைக்குள் விழுந்துவிட்டது. கயிறு போட்டு அளந்தவள் மறுபடி அளந்து பார்க்கவில்லை. அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

வெங்கடாசலம் அப்போது திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். பெண் சாட்சி அதே ஊர்க்காரியாக இருக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் இடம் இருந்ததால், விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பினார். மாசி மாதம், மத்தியான நேரம். கிருஷ்ணவேணி இரண்டு பெண் போலீசுக்கு முன்னாலேயே படியேறி உள்ளே போனாள்.

தேவநாதன் அங்கே இருந்தான். மூன்று வருடம் கழித்து அவனை முழுசாகப் பார்த்தாள். மீசை இல்லை. முன்பக்கம் வழுக்கை ஏறியிருந்தது. கட்டிலில் இல்லை, அம்சாவோடு சேர்ந்தும் இல்லை. சமையற்கட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்கிக்கொண்டே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் தடம் புரண்ட கூட்ஸ் வண்டியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான், அடுப்பருகே அம்சா "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாகக் கிருஷ்ணவேணி என்னென்னவோ காட்சியை மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தாள், எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் தைரியத்தோடுதான் வந்தாள். முறத்தை அவள் யோசித்திருக்கவில்லை. அவள் வீட்டில் அவன் முறத்தைத் தொட்டதில்லை. அப்புறம் என்று கேட்கும் அளவுக்கு அவன் எதையும் சொன்னதில்லை.

வெங்கடாசலத்துக்கு அவனைத் தெரியும். அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தங்கச்சி, இது உன் வூட்டுக்காரருன்னா இப்பவே சொல்லிடு. சாட்சியோட புருசனே உள்ள இருந்தான்னா, நீ கௌரவமான சாட்சி இல்லன்னு வக்கீலு அடிப்பான். சோதனையே செல்லாது. அத்தினி பேரையும் வுட்டுடுவேன்."

"வுட்டா?"

"அந்தாண்ட வேலியத் தாண்டனதும் பழையபடி ஆயிடுவாரு. வேற என்ன."

தேவநாதன் முறத்தை மடியிலிருந்து இறக்காமல் அவளையே பார்த்தான். பிறகு, "வேணி" என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஆமாம், என் புருஷன்தான், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரத்தில்தான் அம்சா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, எனக்கு எது வந்தாலும் பரவால்ல. நீ இவரக் கூட்டிக்கினு போ" என்றாள். "நான் தர்றேன், கூட்டிக்கினு போ."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கிருஷ்ணவேணி அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டாள். தன் புருஷனை ஒருத்தி தனக்குக் கொடுக்கிறாள்.

"இந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "எங்க கையெழுத்துப் போடணும்?"

கோர்ட்டில் வக்கீல் மூன்று விதமாக மாற்றிக் கேட்டார். குற்றவாளிக் கூண்டில் எதிரியாக நிற்பவர் உங்களுக்கு என்ன உறவு. உறவில்லை. முன்னே பின்னே பார்த்திருக்கிறீர்களா. அந்த வீட்டில்தான் முதல் தடவை பார்த்தேன். சத்தியமாகவா. சத்தியமாக. தேவநாதன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் அம்சாவுக்கும் தண்டனை எழுதினார்கள், அவனைக் கடலூர் ஜெயிலுக்கும் அவளை வேலூர் ஜெயிலுக்கும் கொண்டுபோனார்கள். பேர் எழுதி, உயரம் அளந்து, மச்சம் குறித்துக்கொண்டதில் தேவநாதன் நிரந்தரமாகக் கண்ணுக்குத் தெரியும்படி ஆனான். ரயில்வே வேலை போனது. அம்சா தண்டனை முடித்துக் கோட்டக்குப்பம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், யாரும் பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் கிருஷ்ணவேணி வீட்டுக் கதவைத் தட்டிய ஆள், மொட்டைத் தலையும் துணிப்பையுமாக நின்றான்.

"யாரு வேணும்?" என்றாள்.

"நான்தான்."

"நான்தான்னா?"

பேர் சொன்னான். அவர் டியூட்டிக்குப் போயிருக்கிறார், விளக்கு வைத்துத்தான் வருவார் என்று பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் நடிக்கவில்லை. சத்தியம் கோர்ட்டில் பதிவாகி, அரசாங்க முத்திரையும் விழுந்துவிட்டது. அவளுடைய கண் அதை மீறவில்லை. திண்டிவனத்து வீட்டில் எவனோ ஒருவன் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. புருஷன் அங்கே அகப்படவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. குப்பம்மாள் வந்து நேருக்கு நேர் நிற்கவைத்து, "அடியேய், இது உன் வூட்டுக்காரருதான்டி, நல்லாப் பாரு" என்று சொன்னாள். கிருஷ்ணவேணி நன்றாகவே பார்த்தாள். "இல்லக்கா. அவருக்கு மீசை இருக்கும்" என்றாள். ராயப்பனைக் கேட்டதற்கு, மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்துவிட்டது என்றான்.

தேவநாதன் வாடகை பேசி அதே வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடிவந்தான். பகலில் மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகளை எடை போட்டான். கிருஷ்ணவேணி கண்ணுக்குத் தெரியாத புருஷனுக்குத் தினமும் ஒரு தட்டு வைத்தாள். அது காலியாகாமல் ஆறிக்கிடந்ததால் பின்கட்டு ஆளுக்குக் கொடுத்தாள். சம்பளம் வருவது நின்றதை, புருஷன் அதை எங்கோ அம்சாவின் கையில் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் உப்பை அள்ளிப் போட்டாள். பின்கட்டு ஆள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான். சாப்பிட்டபின் அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினான். கடலூரில் கூட இருந்த திருடர்களைப் பற்றி, கமிட்டியில் எடையில் செய்யும் கோல்மால் பற்றி, பேரணி ஸ்டேஷன் கேட்டில் வண்டியை நிறுத்திய எருமையைப் பற்றி. அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். தேவநாதனுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் இவ்வளவு பேச வந்ததில்லை, இப்போது நிறுத்த வரவில்லை.

1989இல் ஒரு நாள் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரி எந்த ஊரு?"

"கெடாரு."

"எங்க ஊருதான். பேரு?"

"கிருஷ்ணவேணி."

அவள் மெஷினை நிறுத்தினாள். கெடாரில் அந்தப் பேரில் இன்னொருத்தி இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. "என் பேரையே வெச்சிக்கினு இருக்கா" என்றாள். "கூட இல்லியே, எங்க போய்ட்டா?"

"இருக்கா. நான்தான் பண்ணக்கூடாததெல்லாம் பண்ணிட்டேன்."

"அப்பவும் குடுத்து வெச்சவதான்" என்றாள் கிருஷ்ணவேணி. அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. அம்சாமீது இருந்த எரிச்சல் இதன் முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. இப்படி உட்கார்ந்து பேசுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவனை இங்கே விட்டுவிட்டு, அங்கே நிம்மதியாகத் திரிகிறவள் எப்படித்தான் இருப்பாள், மூக்கு எப்படி இருக்கும், என்ன புடவை கட்டுவாள் என்று யோசித்து யோசித்து அந்த வாரம் தூக்கம் கெட்டது. வெள்ளிக்கிழமை கெடார் பஸ் ஏறினாள். தெருத்தெருவாக விசாரித்தாள். ஊர்க்காரர்கள் அவளைத் தெரிந்தவர்கள், அதனால் அவள் கேட்டதற்கெல்லாம், இப்போதுதான் இந்தப் பக்கம் போனாள், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் கெடாருக்குப் போய் அந்தக் கிருஷ்ணவேணியைத் தேடினாள். கண்டக்டர் கேட்காமலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, அகப்படவில்லை என்று பின்கட்டு ஆளிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.